காராக மாறும் ரோபோ பொம்மையை எப்படி விமர்சனம் செய்கிறேன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானியப் பொம்மை நிறுவனமான டக்காரா டோமியின் மாஸ்டர்பீஸ் வரிசையில் 2013-ல் வந்த எம்பி-17 ப்ரவுல் ஒரு கருப்பு வெள்ளை போலீஸ் கார். பிரித்து மடக்கினால் ரோபோ. அதைப் பற்றி நான் எழுதிய விமர்சனத்தைப் படித்தவர்கள் நிறையக் கேள்விகள் அனுப்பினார்கள். ஒரே கேள்வி பல உருவத்தில் வந்ததால் மொத்தமாக இங்கே பதில் எழுதிவிடுகிறேன். விமர்சனத்தில் நான் சொன்னது சுருக்கமாக இதுதான்: கார் அழகு, ரோபோவும் அழகு. ஆனால் எனக்கு இந்தப் பொம்மை மேல் பிரியம் வந்தது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கைக்குள் நடக்கிற அந்த ஐந்து நிமிடத்தால்.

ப்ரவுல் என்பது யார்? புதிதாக வருபவர்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்களேன்.

ஜப்பானில் டக்காரா நிறுவனம் (இன்றைய டக்காரா டோமி) 1980-ல் டையாக்ளோன் என்ற பொம்மை வரிசையைத் தொடங்கியது. அதற்குள் 1982-ல் வந்தவைதான் கார் ரோபோக்கள். நிஜத்தில் சாலையில் ஓடிய கார்களை அப்படியே சின்னதாக்கி, அவற்றுக்குள் ரோபோவை மடித்து வைத்தார்கள். அந்த ரோபோக்களுக்கு அப்போது பெயரும் குணமும் கிடையாது. மூன்று சென்டிமீட்டர் உயரமுள்ள, காலில் காந்தம் வைத்த ஒரு குட்டி மனிதன் ஓட்டுகிற இயந்திரங்கள் அவை, அவ்வளவுதான். பழைய பொம்மைகளில் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கை இருப்பதற்குக் காரணம் அந்தக் குட்டி மனிதன்தான்.

அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ இவற்றை வாங்கி, டக்காராவின் மைக்ரோமேன் வரிசைப் பொம்மைகளையும் சேர்த்து, 1984-ல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் விற்றது. ஓட்டுநர் போய்விட்டார், ரோபோவுக்கே உயிர் வந்தது. நிசான் ஃபேர்லேடி 280இசட் போலீஸ் காருக்கு ப்ரவுல் என்று பெயர் வைத்து, கணக்குப் போட்டு யோசிக்கிற யுத்த ஆலோசகன் என்ற குணமும் கொடுத்தார்கள். அதே அச்சில் வார்த்த இன்னொரு கார் ப்ளூஸ்ட்ரீக். 1985-ல் ஸ்மோக்ஸ்கிரீனும் சேர்ந்துகொண்டது. மாஸ்டர்பீஸ் வரிசையிலும் இந்த மூன்று பேரும் எம்பி-17, 18, 19 என்று அடுத்தடுத்த எண்களில்தான் வந்தார்கள். பழைய உறவை அவர்கள் மறக்கவில்லை என்பது எனக்கு ரொம்பப் பிடித்தது.

மாஸ்டர்பீஸ் என்றால் என்ன? சாதாரணக் கடைப் பொம்மைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

2003-ல் எம்பி-1 கான்வாயோடு தொடங்கிய வரிசை. லாரியாக மாறும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் தலைவன் ஆப்டிமஸ் ப்ரைமுக்கு ஜப்பானியப் பெயர்தான் கான்வாய். பொம்மையோடு வளர்ந்து பெரியவர்களானவர்களுக்காகச் செய்வது. 2011-ல் வந்த எம்பி-10 கான்வாய்க்குப் பிறகு எல்லாரையும் ஒரே அளவீட்டுக்குள் கொண்டுவரப் பார்த்தார்கள். 2012-ல் வந்த எம்பி-12 லாம்போர் என்கிற சிவப்பு லம்போர்கினி, அந்தக் கான்வாயின் டிரெய்லருக்குள் ஏறி நிற்கும். கார் நிறுவனத்திடம் முறையாக உரிமம் வாங்கிச் செய்வதால் விளக்கு, சக்கரம், வளைவு எல்லாம் நிஜக் காரைப் பார்த்துச் செய்தவை.

ஒரு பொம்மையை எத்தனை நாள் வைத்திருந்து எழுதுகிறீர்கள்?

குறைந்தது இரண்டு வாரம். நாள் கணக்கை விட எத்தனை தடவை மாற்றினேன் என்பதுதான் முக்கியம். பத்துத் தடவைக்குக் குறைந்து மாற்றிப் பார்த்துவிட்டு நான் எழுதுவதில்லை.

முதல் தடவை கையேட்டைப் பார்த்து, பயந்து பயந்து மாற்றுவோம். அந்தப் பயத்தைப் பொம்மையின் குறையாக எழுதிவிடக் கூடாது. மூன்றாவது தடவையில் வழி பிடிபடும். ஐந்தாவதில் கையேடு தேவைப்படாது. அதற்கு மேல்தான் உண்மையான குறைகள் தெரியத் தொடங்கும்: எந்த மூட்டு தளர்கிறது, எங்கே பெயின்ட் உரசுகிறது, எந்தக் கொக்கி இன்னும் முரண்டு பிடிக்கிறது என்று. பெட்டி திறந்த அன்றே போடுகிற விமர்சனத்தில் இதில் எதுவும் இருக்காது. அவற்றையும் நான் ஆசையாகத்தான் படிக்கிறேன். ஆனால் வாங்கலாமா வேண்டாமா என்பதை அவற்றை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை.

உருமாற்றம் நன்றாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். எனக்கும் இதைப் பற்றிப் பேசத்தான் ஆசை.

முதலில் பார்ப்பது, காரின் எந்தப் பாகம் ரோபோவின் எந்தப் பாகமாகிறது என்பது. ப்ரவுலில் பானட் மார்பாகிறது. கதவுகள் முதுகில் இரண்டு சிறகுகளாக விரிகின்றன. வண்டியின் பின்பாதி நீண்டு கால்களாகிறது. டையாக்ளோன் காலத்திலேயே போட்ட கணக்கு இது. இன்றைக்கும் கலையவில்லை. ரோபோவைப் பார்த்தால் கார் தெரிய வேண்டும், காரைப் பார்த்தால் "ஓ, இதுதான் மார்பு" என்று ஊகிக்க முடிய வேண்டும். சில பொம்மைகளில் கார் முழுவதும் ஓடு மாதிரி முதுகில் தொங்கும், உள்ளே வேறொரு ரோபோ நிற்கும். பார்க்க அழகாக இருந்தாலும் அதில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை.

அடுத்தது, பாகங்கள் ஒன்றுக்கொன்று வழிவிடுகிற முறை. நல்ல பொம்மையில் ஒரு படியை முடித்தால் அடுத்த படி கைக்குத் தானாகத் தெரியும். காலை நீட்டியதும் இடுப்புக்கு இடம் கிடைக்கும், இடுப்பைத் திருப்பியதும் கைகள் வெளியே வரத் தோதாக இருக்கும். மோசமான பொம்மையில் ஒன்றைச் சரிசெய்யப் போனால் முன்பு முடித்தது கழன்று வரும். நம் வீட்டுப் பெரிய போர்வையை ஒற்றை ஆளாக மடிக்கிற கதைதான்.

மூன்றாவது, மூடுகிற கணம். ரோபோவைக் காராக்கும்போது கடைசியில் எல்லாப் பலகைகளும் ஒன்றோடொன்று சேர வேண்டும். ப்ரவுலை மூடும்போது வண்டியை உள்ளங்கையில் வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் பின்பாதியை உள்ளே தள்ளுகிறேன். கூரையின் விளிம்பும் கதவின் மேல்விளிம்பும் நெருங்கி வரும். கடைசி ஒரு மில்லிமீட்டரில் சின்னதாக ஒரு "டிக்". அதற்குப் பிறகு விரலை கூரையிலிருந்து பானட் வரை ஓட்டினால் கோடு தட்டுப்படுமே தவிர படி தட்டுப்படாது. கோடு இருப்பதில் தப்பில்லை, பிரிகிற பொம்மையில் கோடு இருக்கத்தான் செய்யும். ஒரு பலகை இன்னொன்றை விட உயர்ந்து நின்றால்தான் உள்ளே எதுவோ சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். அப்போது அழுத்தாதீர்கள். இரண்டு படி பின்னால் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் முழங்காலோ கைமுட்டியோ அரை மில்லிமீட்டர் திரும்பியிருக்கும்.

அழுத்தினால் உடைந்துவிடுமா?

உடைவதற்கு முன்னால் பிளாஸ்டிக் சொல்லிவிடும். அதிகமாக வளைக்கிற இடம் வெளுக்கும். நிறமுள்ள பிளாஸ்டிக்கில் மூட்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு கீறல் மாதிரி தெரிந்தால் அங்கே நிறுத்திவிடுங்கள். கண்ணாடிப் பாகங்களில் இந்த எச்சரிக்கை கூடக் கிடைக்காது. ஜன்னலுக்குப் போடும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் வளையாது, நேராக விரிசல் விடும். ஜன்னல் பலகையே கீலாகவும் வேலை செய்கிற பொம்மை என்றால் விமர்சனத்தில் அதைத் தனியாக எழுதுகிறேன். படிப்பவர் வாங்கிய பிறகு முதலில் உடைக்கப்போவது அதைத்தான்.

கார் வடிவத்தில் வேறு என்ன கவனிப்பீர்கள்?

தரையில் வைத்துத் தள்ளிப் பார்ப்பேன். நான்கு சக்கரமும் தொட வேண்டும், உருள வேண்டும். பல பொம்மைகளில் மூன்று தொடும், ஒன்று அந்தரத்தில் நிற்கும். பிறகு பக்கவாட்டில் கண்ணை வைத்து உயரத்தைப் பார்ப்பேன். ரோபோவின் தலையும் கைகளும் அடியில் தொங்கி வண்டி வயிறு பெருத்துத் தெரிகிறதா என்பது அங்கேதான் தெரியும். பெயின்ட் பூசிய பாகமும் நிறம் கலந்து வார்த்த பாகமும் பக்கத்தில் பக்கத்தில் வரும் இடங்களில் நிறம் ஒத்துப்போகிறதா என்று வெயில் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். டியூப்லைட்டில் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும்.

ஜப்பானில் ஃபேர்லேடி இசட் உண்மையிலேயே நெடுஞ்சாலைப் போலீஸ் வண்டியாக ஓடியிருக்கிறது. அதனால் ப்ரவுலின் கருப்பு வெள்ளைக்கு ஒரு நிஜமான கம்பீரம் உண்டு. கருப்பும் வெள்ளையும் சந்திக்கிற கோடு கொஞ்சம் நெளிந்தாலும் கண்ணில் குத்தும். என்னுடையதில் இடது பக்கக் கதவின் கீழே ஒரு நூல் அளவு பிசிறு இருக்கிறது. விமர்சனத்தில் அதையும் எழுதியிருந்தேன்.

ரோபோவாக?

நிற்கிறதா என்பதுதான் முதல் சோதனை. இரண்டு காலையும் அகட்டி, ஒரு கையில் துப்பாக்கி கொடுத்து, மேஜையில் ஒரு இரவு விட்டுவிடுவேன். காலையில் அப்படியே நின்றால் கணுக்கால் நன்றாக இருக்கிறது. ப்ரவுல் நின்றான். அப்புறம் முழங்கை, முழங்கால், கழுத்து, இடுப்பு எல்லாம் எவ்வளவு திரும்புகிறது என்று பார்ப்பேன். ஆனால் அசைவுக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பதில்லை. அசைவு மட்டும் வேண்டும் என்றால் மாறாத பொம்மைகளே சிறப்பாகச் செய்யும்.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூனில் இருக்கிற மாதிரியே இருப்பது முக்கியமா?

இங்கே நான் ஒரு பக்கம் சாய்ந்தவன். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

டிரான்ஸ்ஃபார்மர்ஸின் இன்னொரு கார் ரோபோவான பம்பிள்பீயை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பொம்மை மைக்ரோமேனின் மைக்ரோ சேஞ்ச் வரிசையில் 1983-ல் வந்த குட்டையான வோக்ஸ்வாகன் பீட்டில். மாஸ்டர்பீஸில் அவன் இரண்டு தடவை வந்தான்: 2014-ல் எம்பி-21 ஆகவும், 2019-ல் எம்பி-45 ஆகவும். இரண்டாவது, ரோபோவாக நிற்கும்போது தொலைக்காட்சித் திரையிலிருந்து இறங்கி வந்தது மாதிரி இருக்கிறது. அந்த மழமழப்புக்காகப் பலகைகள் பலவாகப் பிரிய வேண்டியிருக்கிறது, காராக மடக்கும்போது பீட்டிலின் உருண்ட முதுகில் கோடுகள் கூடுகின்றன. முதலாவதில் ரோபோ கொஞ்சம் கட்டையாக இருக்கும். ஆனால் மடக்கிவிட்டால் அது ஒரு பீட்டில், மேஜையில் ஓட்டத் தோன்றும்.

கார்ட்டூன் என்பது இந்தப் பொம்மைகளைப் பார்த்து வரைந்த படம். கையில் பிடித்து மாற்றுவதற்காகச் செய்ததை எளிமையாக்கி வரைந்தார்கள். அந்தப் படத்துக்கு ஏற்றபடி பொம்மையை இப்போது திருத்தும்போது காரின் பாகங்கள் ரோபோவில் இருந்து மறைந்துபோகின்றன. ப்ரவுலின் மார்பில் நிஜ பானட் இருப்பது எனக்குப் பெரிய விஷயம். கார்ட்டூனோடு வளர்ந்தவர்களுக்கு என் கணக்கு பிடிக்காமல் போகலாம். அவர்கள் என் மதிப்பெண்ணை விட்டுவிட்டுப் படங்களைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

உலோகம் கலந்திருந்தால் தரமானது என்று சொல்கிறார்களே?

கையில் கனம் தெரியும், அது ஒரு சுகம்தான். ஆனால் உலோகத்தின் மேல் பூசிய பெயின்ட் உதிரும். 2003-ல் டக்காரா பைனால்டெக் என்ற வரிசையைக் கொண்டுவந்தது. 24-ல் ஒரு பங்கு அளவில், உரிமம் பெற்ற கார்கள், உலோக உடல், ரப்பர் டயர், திறக்கிற கதவுகள். முதலில் வந்தது சுபாரு இம்ப்ரேசாவாக மாறும் ஸ்மோக்ஸ்கிரீன். ஹாஸ்ப்ரோ அதே பொம்மைகளை ஆல்டர்னேட்டர்ஸ் என்று பிளாஸ்டிக்கில் விற்றது. காட்சிக்கு வைக்க உலோகம் அழகு. தினம் மாற்றி விளையாட பிளாஸ்டிக்தான் என் தேர்வு. உலோகத்தில் விளிம்போடு விளிம்பு உரசுகிற ஒவ்வொரு இடத்திலும் நெஞ்சு பதறும்.

அண்ணா, என் அக்கா பையனுக்கு ஏழு வயது. பிறந்தநாளுக்கு இதை வாங்கித் தரலாமா?

வேண்டாம். மாஸ்டர்பீஸ் பெட்டியிலேயே 15 வயதுக்கு மேல் என்றுதான் போட்டிருக்கும். அவனுக்கு ஏழெட்டுப் படியில் மாறுகிற சின்னப் பொம்மை வாங்கிக் கொடுங்கள். கீழே போட்டாலும் தாங்கும், அவனே மாற்றுவான். யாராவது பெரியவர் வந்து மாற்றித் தர வேண்டிய பொம்மை குழந்தைக்கு இரண்டு நாளில் சலித்துவிடும்.

பழைய 1984 பொம்மை வாங்கலாமா, புது மாஸ்டர்பீஸ் வாங்கலாமா?

முதல் பொம்மை என்றால் புதியது. பழையதில் முஷ்டியும் ஏவுகணையும் தனித்தனித் துண்டுகள். நாற்பது வருடத்தில் அவை முழுசாகத் தப்பி வருவது அபூர்வம். ஸ்டிக்கர் உரிந்திருக்கும், வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகியிருக்கும்.

வாங்குவதென்றே முடிவு செய்தால் விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: முன்கண்ணாடியைத் தாங்கும் மெல்லிய தூண்கள், கீல்கள், அடிப்பக்கம். எனக்கு இது பட்டுத் தெரிந்தது. இணையத்தில் ஒருவரிடம் பழைய ப்ரவுல் ஒன்றை "குறையில்லை" என்று நம்பி வாங்கினேன். வந்ததும் முகர்ந்து பார்த்தபோது லேசாகப் பசை வாடை. தூண் ஒன்றில் தலைமுடி அளவுக்குப் பளபளப்பான ஒரு கோடு இருந்தது. இரண்டாவது தடவை மாற்றும்போது அந்த இடத்திலேயே கையோடு வந்துவிட்டது. பணத்தைத் திருப்பித் தரவில்லை. ஒட்டிய பிளாஸ்டிக் பக்கத்துப் பரப்பை விடப் பளபளக்கும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து எடுத்த படத்தில் அது தெரிந்துவிடும். இப்போது அப்படிப்பட்ட படம் இல்லாமல் நான் பணம் அனுப்புவதில்லை.

80-களின் கடைசியிலும் 90-களிலும் வந்த சில பொம்மைகளில் தங்கப்பொடி கலந்தது மாதிரி மினுங்குகிற பிளாஸ்டிக் இருக்கும். அதில் சில வகை வயதாக ஆக உள்ளேயே நொறுங்கும், தொட்டால் உதிரும். பெட்டி பிரிக்காததாக இருந்தாலும் அதே கதிதான். ப்ரவுலுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

கள்ளப் பிரதியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஒரு வித்தியாசம். உரிமம் இல்லாமல் சொந்தமாக வடிவமைத்து விற்கிற சின்ன நிறுவனங்கள் உண்டு. டக்காரா செய்த பொம்மையை அப்படியே அச்செடுத்து விற்பவர்களும் உண்டு. கள்ளப் பிரதி என்று நான் சொல்வது இரண்டாவது வகையை.

அச்செடுத்ததில் நுணுக்கம் மழுங்கும். விளக்கின் கோடுகள், முகத்தின் மூக்கு, டயரின் வரிகள் எல்லாம் சோப்பில் செதுக்கியது மாதிரி இருக்கும். கார் நிறுவனத்தின் சின்னம் இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருக்கும். பொம்மையின் உள்பக்கத்தில் பொறித்திருக்கிற டக்காரா டோமி எழுத்துகள் இருக்காது. விலை பாதிக்கும் கீழே இருந்தால் வேறு சோதனையே தேவையில்லை. சில பிரதிகள் கையில் நன்றாகவே இருக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் அதை வடிவமைக்க இரவு பகலாக உட்கார்ந்தவருக்கு அதிலிருந்து ஒரு காசும் போகாது. அதனால் நான் அவற்றை விமர்சிப்பதில்லை.

கம்பெனி இலவசமாக அனுப்பினால் வாங்கிக்கொள்வீர்களா?

இல்லை. இதுவரை எல்லாம் என் காசில் வாங்கியவை.

நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் எப்படிப் பாதுகாப்பது?

ஜன்னல் வெயில் நேராகப் படக் கூடாது. வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாவதை வெளிச்சம் வேகப்படுத்தும். ப்ரவுல் மாதிரி பாதி வெள்ளையான பொம்மைக்கு இது முதல் விதி. மஞ்சளானதை ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்து வெயிலில் வைத்து வெளுக்கிறார்கள். திட்டுத் திட்டாகப் போகும் ஆபத்து உண்டு, மறுபடி மஞ்சளாவதும் உண்டு. நான் செய்வதில்லை.

மென்மையான ரப்பர் டயர் வேறு பிளாஸ்டிக்கோடு வருடக்கணக்கில் ஒட்டிக் கிடந்தால் அந்த இடத்தை இளக்கிவிடும். அதனால் ரப்பர் டயர் உள்ள பொம்மைகளை அடுக்கும்போது ஒன்றின் டயர் இன்னொன்றின் மேல் படாமல் வையுங்கள். வெள்ளிப்பூச்சுப் பாகங்களை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், ஓவியம் வரைகிற மெல்லிய பிரஷ் போதும். ஜன்னல் பாகங்களை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாலும் நுண்விரிசல் வரலாம். மழைக்காலத்தில் கண்ணாடி அலமாரிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைக்கிறேன், ஸ்குரூ துருப்பிடிப்பது குறைகிறது.

ஸ்குரூ என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஜப்பானியப் பொம்மைகளில் உள்ள கூட்டல்குறி ஸ்குரூக்கள் ஜேஐஎஸ் என்கிற ஜப்பானியத் தர அளவு. சாதாரண ஸ்குரூ டிரைவர் முழுசாக உட்காராமல் தலையைத் தேய்த்துவிடும். அந்த அளவு டிரைவர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கி ஆறு மாதத்தில் இடுப்பு மூட்டு லூஸாகிவிட்டது. நிற்க வைத்தால் சாய்கிறது. என்ன செய்வது?

முதலில் அந்த மூட்டில் ஸ்குரூ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கால் சுற்று இறுக்கிப் பார்த்தால் பல நேரம் அதுவே போதும். மொத்தமாக இறுக்கினால் மூட்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வெடிக்கும், கால் சுற்றோடு நிறுத்துங்கள்.

பந்து மூட்டு என்றால் கழற்றி, பந்தின் மேல் நிறமில்லாத நெயில் பாலிஷ் மெல்லியதாக ஒரே ஒரு பூச்சு. முதலில் வெளியே தெரியாத ஒரு இடத்தில் தொட்டு, பிளாஸ்டிக் இளகவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பூசிய பிறகு ஒரு முழு நாள் காயட்டும். பாதி காய்ந்ததும் மாட்டினால் ஒட்டிக்கொள்ளும், அதன் பிறகு திருப்பினால் தண்டே முறியும். காய்ந்ததும் மாட்டி, மெதுவாக முன்னும் பின்னும் நாலைந்து தடவை அசையுங்கள். இன்னும் சாய்ந்தால் மறுநாள் இன்னொரு பூச்சு.